ஆறு கேள்விக்குறி

அலுவலகத்தில் அவனை ரீஸ்டார்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். பிரிண்டர் கம்பெனியின் உதவி மையத்தில் பதினொரு வருடமாகத் தொலைபேசி எடுக்கிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? காகிதம் சிக்கினாலும், மை கசிந்தாலும், பிரிண்டரின் மென்பொருள் கணினியில் ஏறாவிட்டாலும், பிரிண்டரைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டேன் என்று ஒருவர் குமுறினாலும், அவன் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் ஒன்றுதான்: "ஒரு தடவை அணைச்சுட்டுப் போடுங்க சார்." அவன் மேல் குற்றமில்லை. பதினேழு படிகள் எழுதிய அட்டை ஒன்று ஒவ்வொரு மேசையிலும் ஒட்டியிருக்கிறது. முதல் படி அதுதான். ஒரு படியைத் தாண்டிக் குதித்தால் மேற்பார்வையாளர் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார். அட்டையின் அடியில் சிவப்பு மையில் இன்னொன்றும் எழுதியிருக்கும்: கோளாறு இதுதான் என்று வாடிக்கையாளர் சொன்னால் கேட்டுக்கொள்ளவும், ஆனால் முதல் படியிலிருந்தே தொடங்கவும்.

இந்த வேலையில் அவன் உருப்படியாகக் கற்றுக்கொண்டது குரல்களைத்தான். கத்துகிறவரைப் பற்றிக் கவலையே பட வேண்டாம். அவர் நாளைக்கும் கூப்பிடுவார், மேலதிகாரியைக் கேட்பார், சரியாகும்வரை விடமாட்டார். கவலைப்பட வேண்டியது இன்னொரு குரலுக்கு. எட்டாவது, ஒன்பதாவது படியில் அது வரும். "பரவாயில்ல சார். இப்ப நல்லாத்தான் இருக்கு. தேங்க்ஸ்." மெதுவாக, மரியாதையாக, யார் மனமும் நோகாமல். ஒன்றும் நல்லா இல்லை என்று அவருக்கும் தெரியும், இவனுக்கும் தெரியும். இவன் திரையில் 'தீர்ந்தது' என்ற பச்சைப் பொத்தானை அழுத்துவான். அந்தக் குரலில் போனை வைத்தவர்கள் திரும்பக் கூப்பிட்டதே கிடையாது.

அப்பேர்ப்பட்டவன் வீட்டில்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு கணினி விளையாட்டு இன்ஸ்டால் ஆக மாட்டேன் என்று அடம்பிடித்தது.

எந்த ஞாயிற்றுக்கிழமை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவனும் மனைவியும் பிரிந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரே பெண், வீட்டில் சிட்டு என்று கூப்பிடுவார்கள், அம்மாவோடு இருக்கிறாள். ஒரு வாரம் விட்டு ஒரு ஞாயிறு, காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை அப்பாவோடு. அடுத்த மாதம் அவளுக்குப் பன்னிரண்டு வயதாகிறது. இனிமேல் அப்பா வீட்டுக்குப் போக விருப்பமா, இல்லையா என்று அவளையே கேட்டுக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. வருகிற புதன்கிழமை ஆலோசகர் அம்மாள் ஒருவர் அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேசப்போகிறார்.

"நம்ம வாதமெல்லாம் இனிமே எடுபடாது சார்," என்று வக்கீல் சொல்லியிருந்தார். "பொண்ணு வாயில என்ன வருதோ அதுதான். இந்த ஞாயித்துக்கிழமைய மட்டும் நல்லபடியா பாத்துக்குங்க."

நல்லபடியாகப் பார்த்துக்கொள்வது என்றால் என்ன என்று வக்கீல் சொல்லவில்லை. அதற்கு அட்டையும் கிடையாது. இதற்கு முந்தைய பதினாறு ஞாயிறுகளும் ஒரே மாதிரிதான் போயின. அவள் வருவாள், சோபாவின் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன். ஸ்கூல் எப்படி என்றால் நல்லாருக்கு. கேள்வி கேட்கிறவனுக்கே கேள்விகள் தீர்ந்துபோய், இரண்டு பேரும் தொலைக்காட்சியில் யாரோ வீடு கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முன்பெல்லாம் 'நீ வாப்பா, நீ போப்பா' என்று தோளில் ஏறிக் குதித்த பெண், இந்த எட்டு மாதத்தில் 'நீங்க' என்று பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று அவன் யோசித்துப் பார்த்தான். யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது.

போன தடவை கிளம்புகிற நேரத்தில்தான் அவள் வாயைத் திறந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல், "அப்பா, உங்ககிட்ட கம்ப்யூட்டர் இருக்கா?" என்றாள். மிதக்கும் தீவு என்று ஒரு விளையாட்டாம். ஒருவர் தீவில் வீடு கட்ட வேண்டுமாம், இன்னொருவர் படகில் போய் மரமும் கல்லும் கொண்டுவர வேண்டுமாம். "ரெண்டு பேரா ஆடணும்ப்பா. தனியா ஆடுனா தீவு முழுகிடும். நீ படகு ஓட்டு, நான் கட்டறேன்."

நீ என்றாள். லிப்டின் கதவு மூடியபிறகும் அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

அடுத்த நாளே புதுக் கணினி வாங்கினான். பிடித்து விளையாட இரண்டு கைப்பிடிகளும் வாங்கினான், ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். பெட்டியைப் பிரித்து முதல்முறை போட்டபோது கணினி பெயர் கேட்டது. தமிழில் தட்டுவது எப்படி என்று கால் மணி நேரம் தேடிக் கண்டுபிடித்து, 'சிட்டு' என்று அடித்தான். இனி அதைப் போடும்போதெல்லாம் திரையில் அவள் பெயர்தான் வரும். விளையாட்டை சனிக்கிழமையே இறக்கி வைத்துவிட்டான். இன்ஸ்டால் பொத்தானை மட்டும் அழுத்தவில்லை. அதை அவள் கையால்தான் அழுத்த வேண்டும் என்று அவனுக்கு ஒரு ஆசை. ஊர் உலகத்துக்கெல்லாம் 'முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள்' என்று புத்தி சொல்கிறவன், தன் வீட்டில் ஆசைப்பட்டுக் கோட்டை விட்டான்.

பத்து மணிக்கு அவள் வந்தாள். கணினியைப் போட்டதும் திரையில் தன் பெயரைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நீயா அடிச்சே? தமிழ்லயா?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரரா வந்து அடிச்சாரு? அழுத்து, அழுத்து."

அழுத்தினாள். பச்சைக் கோடு விறுவிறுவென்று ஓடியது. அவள் மஞ்சள் கைப்பிடியை எடுத்துக்கொண்டு, நீலத்தை அவன் மடியில் போட்டாள். எங்கே வீடு கட்டுவது, எங்கே பாலம் போடுவது என்று காற்றில் விரலால் வரைந்து காட்டினாள். கோடு அறுபத்து மூன்று சதவீதத்தில் நின்றது. ஒரு பெட்டி எழும்பியது. கோப்பை உருவாக்க முடியவில்லை, இன்ஸ்டால் நிறுத்தப்பட்டது.

"உங்க கம்பெனிக்கே போன் பண்ணு," என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். கணினியை அணைத்துவிட்டுப் போட்டான்.

மறுபடி அறுபத்து மூன்று. மறுபடி அதே பெட்டி. இரண்டாவது தடவையும் அவள் சிரித்தாள். மூன்றாவது தடவை சிரிக்கவில்லை, ஆனால் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, பெட்டியில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள்.

"அப்பா, இங்க பாரேன். யூசர்ஸ்னு போட்டிருக்கு. அதுக்கப்புறம் ஆறு கேள்விக்குறி இருக்கு. அங்க யாரு பேரு வரணும்?"

"உன் பேருதான் வரணும். அதத் தமிழ்ல காட்டத் தெரியல அதுக்கு. எங்க பிரிண்டர்லகூட வரும். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா."

"மூணு எழுத்துக்கு எதுக்கு ஆறு கேள்விக்குறி?"

"அப்பா பாத்துக்கறேன், நீ இரு."

அப்பாதான் பார்த்துக்கொண்டாரே! அட்டைதான் மனப்பாடமாயிற்றே: இரண்டாவது படி, ஹார்ட் டிஸ்க் வட்டில் இடம் இருக்கிறதா. இருந்தது. மூன்றாவது படி, வைரஸ் காவலை நிறுத்துவது. நிறுத்தினான், அறுபத்து மூன்று. நான்காவது படி, இறக்கிய கோப்பு பழுதா என்று பார்க்க மறுபடி முழுக்க இறக்குவது. அதற்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அந்த ஒரு மணி நேரமும் கோடு நகர்வதையே இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் அவள் நாற்காலியிலிருந்து எழுந்து சோபாவுக்குப் போனாள். போகும்போது மஞ்சள் கைப்பிடியை மேசைமேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனாள். அவன் அதைக் கவனித்தான். கவனித்து, இன்னும் வேகமாகத் தட்டினான்.

இந்த இடத்தில் கொஞ்சம் அறிவுள்ள எவனும் கணினியை மூடிவிட்டு, வா சிட்டு, கீழே பூங்காவுக்குப் போய் நடந்துவிட்டு வரலாம் என்று சொல்லியிருப்பான். வெளியே நல்ல வெயிலும் காற்றுமாக இருந்தது. ஆனால் அவன் மனதில் ஓடியதெல்லாம் ஒன்றுதான்: எட்டு மாதத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இந்த ஒன்றைத்தான். இதையும் கொடுக்க முடியாவிட்டால் புதன்கிழமை அவள் எதைச் சொல்லுவாள்? பயந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் அட்டைதான். ஐந்தாவது படி, ஆறாவது படி.

ஒன்றரை மணிக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தான். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேசையில் தனியாகச் சாப்பிட்டாள். அவனுடைய ரொட்டி விசைப்பலகைக்குப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. எட்டாவது படியும் கை கொடுக்காமல் போக, வேறு வழியில்லாமல் ஒன்பதாவதுக்கு வந்தான்: கோளாறு வேறு மென்பொருளில் என்றால் அதைத் தயாரித்த நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிடவும்.

வாழ்க்கையில் முதல்முறையாக அவன் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தான். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்றது ஒரு குரல். பிறகு ஒரு குழலிசை, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை முதலிலிருந்து தொடங்குகிற ஒன்று. வரிசையில் முப்பத்தெட்டாவது ஆள் அவன். அவன் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தான். முப்பது, இருபத்திரண்டு, பதினான்கு. கடிகாரத்தில் மணி மூன்று ஆகப்போனது.

பின்னால் சிட்டு வந்து நின்றாள். அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, நகத்தால் அதன் தோலைச் சுரண்டினாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"புதன்கிழமை அந்த மேடம் என்னைக் கேப்பாங்கல்ல. இங்க வரியா வேணாமான்னு." சுரண்டுவது நின்றது. "நீ சொல்லுப்பா. நான் என்ன சொல்லட்டும்?"

இந்தக் கேள்விக்காக அவன் எத்தனை நாள் தவம் கிடந்தான் என்று அவனுக்குத்தான் தெரியும். பதிலை எழுதிக்கூட வைத்திருந்தான். குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருந்தான். உனக்கு எது மனசுக்குப் படுதோ அதச் சொல்லும்மா, ஆனா நீ வர்ற ஞாயித்துக்கிழமைக்காகத்தான் அப்பா மத்த பதிமூணு நாளையும் ஓட்டறேன். அவ்வளவுதான் அந்தப் பதில். மொத்தம் பத்து நொடி.

குழலிசை நின்றது. "வணக்கம் சார், சொல்லுங்க, உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்றது ஒரு இளம்பெண்ணின் குரல்.

ரீஸ்டார்ட் தன் மகளைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கினான். ஒரு நிமிஷம்.

"சார், முதல்ல ஒரு தடவை கம்ப்யூட்டர அணைச்சுட்டுப் போட முடியுமா?" என்றாள் அந்தப் பெண். ஒன்பது தடவை அணைத்தாயிற்று என்று அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவளுக்கும் ஒரு அட்டை இருக்கும், அவளுக்கும் ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். தொழில் மரியாதைக்காக அணைத்தான், போட்டான். வட்டில் இடம் இருக்கிறதா என்றாள். பார்த்தான். வைரஸ் காவலை நிறுத்துங்கள் என்றாள். நிறுத்தினான். ஒரு நிமிடம் நாற்பது நிமிடமானது. கடைசியில், மேலிடத்துக்கு எழுதியிருக்கிறோம், மூன்று வேலை நாட்களில் மின்னஞ்சல் வரும் என்று சொல்லிவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், தேங்க்ஸ் என்று வைத்தான்.

திரும்பிப் பார்த்தபோது நாற்காலிக்குப் பின்னால் யாரும் இல்லை. சிட்டு வாசல் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு, பை மடியில். மணி மூன்று நாற்பத்தெட்டு.

"சிட்டு, நீ கேட்டியே—"

"ஒண்ணுமில்லப்பா, சும்மாதான் கேட்டேன்."

"இல்லம்மா, வந்து..."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க கவலைப்படாதீங்க."

நீங்க. அவன் எழுதி வைத்திருந்த பதிலைச் சொல்ல வாயெடுத்தான். இப்போது சொன்னால் கெஞ்சுவது மாதிரி இருக்குமோ, பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்ததாக ஆகுமோ என்று அவன் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே கீழே காரின் ஹாரன் இரண்டு முறை அடித்தது. லிப்ட் வரை கூடவே போனான்.

"அடுத்த தடவை கண்டிப்பா ஓடும் சிட்டு. அப்பா சரி பண்ணி வெச்சிருப்பேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பாவமாக இருந்திருக்க வேண்டும். மெதுவாக, மரியாதையாக, அவன் மனம் நோகாமல் சொன்னாள்.

"பரவாயில்லப்பா. இன்னிக்கு நல்லாத்தான் இருந்துச்சு. தேங்க்ஸ்."

லிப்ட் கீழே போனது. எத்தனையோ ஆயிரம் தடவை காதில் கேட்ட குரல், இப்போது தன் பெண்ணின் வாயில்.

உள்ளே வந்து உட்கார்ந்தான். வேறென்ன செய்வது என்று தெரியாமல் பத்தாவது படிக்குப் போனான். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. பதினான்காவது படியை மனதுக்குள் சொல்லிக்கொண்டபோது கை நின்றுவிட்டது. பயனர் பெயரும் கோப்பு போய்ச் சேரும் பாதையும் ஆங்கில எழுத்தில்தானா என்று பார்க்கவும். எத்தனை பேருக்கு அவனே இதைச் சொல்லியிருக்கிறான்! பெட்டியைப் பார்த்தான். யூசர்ஸ், அதன் பக்கத்தில் ஆறு கேள்விக்குறி. நமக்கு மூன்றாகத் தெரிகிற எழுத்துகள் இயந்திரத்துக்கு ஆறு துண்டுகள்; ஆறில் ஒன்றைக்கூட அந்த விளையாட்டுக்கு வாசிக்கத் தெரியவில்லை. போகவேண்டிய வீட்டின் கதவில் எழுதியிருந்தது புரியாமல் அறுபத்து மூன்றில் நின்று நின்று திரும்பியிருக்கிறது. காலை பதினொரு மணிக்கே அவள் விரல் வைத்துக் காட்டினாள். வாடிக்கையாளர் சொன்னால் கேட்டுக்கொள்ளவும், ஆனால் முதல் படியிலிருந்தே தொடங்கவும்.

கணினியில் புதிதாக ஒரு கணக்குத் திறந்தான். பெயர் கேட்டபோது 'ஏ' என்று ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தைத் தட்டினான். இன்ஸ்டால் பொத்தானை அழுத்தினான். பச்சைக் கோடு அறுபத்து மூன்றை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தாண்டிப் போனது. மொத்தம் ஒன்பது நிமிடம்.

நீலக் கடலில் ஒரு குட்டித் தீவு மிதந்தது. கரையில் ஒரு காலிப் படகு கட்டியிருந்தது. இரண்டாமவர் தயாரா என்று திரை கேட்டது. மஞ்சள் கைப்பிடி அவள் வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் எதையும் அழுத்தாமல் கொஞ்ச நேரம் போனதும் தீவின் ஓரங்கள் தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கின. அவள் சொன்னது சரிதான், தனியாக ஆடினால் முழுகித்தான் போகிறது. ரீஸ்டார்ட் அழுதான். சத்தமில்லாமல் அழும் வித்தை அவனுக்கு வராது, சத்தமாகவே அழுதான்.

ஆறு மணிக்கு மனைவியின் எண்ணுக்குப் போன் போட்டான். "குளிக்கப் போயிருக்கா. என்ன விஷயம்?" என்றாள் அவள்.

"கேம் ஓட ஆரம்பிச்சுடுச்சுன்னு சொல்லு. அவ சொன்னதுதான் சரின்னும் சொல்லு."

"என்ன சொன்னா?"

"அவளுக்குத் தெரியும்."

"சரி, சொல்றேன்," என்றாள். சொன்னாளா இல்லையா என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

புதன்கிழமை பிற்பகல் அவன் வேலையில் இருந்தபோது வக்கீல் கூப்பிட்டார். காதில் இருந்த ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு பேசினான்.

"இனிமே வர வேண்டாம்னு பொண்ணு சொல்லிட்டா சார். நீதிமன்றமும் அதையே ஏத்துக்கும்." இவனுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். "ஆனா ஒண்ணு சார். உங்க மேல ஒரு குறையும் சொல்லல. அப்பா வீட்டுல எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னாளாம். வேற ஏதாவது சொல்லணுமாம்மான்னு அந்த மேடம் ரெண்டு தடவை கேட்டாங்களாம். ஒண்ணும் இல்ல, தேங்க்ஸ்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாளாம். கோவமெல்லாம் இல்ல சார் அவளுக்கு. அத நெனச்சு சந்தோஷப்படுங்க."

"திட்டவே இல்லையா?" என்றான் அவன்.

"ஒரு வார்த்தை இல்ல சார்."

"மறுபடி எப்பக் கேக்கலாம்?"

"நாம கேக்க முடியாது. அவளாக் கூப்பிட்டாத்தான் உண்டு."

சரி என்று சொல்லிப் போனை வைத்தான். பக்கத்து மேசைக்காரர், "என்ன ரீஸ்டார்ட், முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார். ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன் என்று சொன்னான். திரையில் அடுத்த அழைப்பு மின்னிக்கொண்டிருந்தது. ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான்.